மைக்கெனின் மேலுதடு

போட்விக்கன் துறையிலிருந்து தீவுக்குப் போகும் மஞ்சள் படகை ஓட்ட மைக்கென் ஹெட்பெர்க் வந்த புதிதில், பொம்பளை ஓட்டும் படகில் காரை ஏற்றமாட்டேன் என்று சொன்னவர்கள் இருந்தார்கள். நவம்பரில் ஒருநாள் ஆலங்கட்டியும் காற்றுமாக ஏரி கொதித்துக்கொண்டிருந்தபோது, கரையில் ஒரு தட்டல்கூடத் தெரியாமல் அவள் படகைக் கொண்டுவந்து நிறுத்தினாள். அன்றைக்கு எதிர்க்கரையில் இறங்கிய மரவியாபாரி ஒருவர் காரைவிட்டு இறங்கிவந்து, தொப்பியைத் தூக்கிவிட்டுப் போனார். அதற்கப்புறம் யாரும் எதுவும் சொல்லவில்லை.

அவள் மனநிலை எப்படி என்று தெரிந்துகொள்ள விரும்புகிறவர்கள் அவள் கண்ணைப் பார்ப்பதில்லை, மேலுதட்டைப் பார்ப்பார்கள். உதட்டுக்கும் ஈறுக்கும் நடுவே ஸ்னூஸ் என்கிற ஈரப் புகையிலைப் பொடியை உருட்டி வைத்திருப்பாள். அது இடது பக்கம் புடைத்திருந்தால் பேச்சுக் கொடுக்கலாம். நடுவில் புடைத்திருந்தால் வானிலை பற்றி மட்டும் பேசலாம். புடைப்பே இல்லையென்றால் காருக்குள் கண்ணாடியை ஏற்றிவிட்டு உட்கார்ந்திருப்பது நல்லது. அவள் காற்சட்டையின் பின்பையில் வட்டமாக ஒரு வெளுத்த தடம் இருக்கும். டப்பா இருக்கும் இடம் அது. புதுக் காற்சட்டை வாங்கினாலும் சில மாதங்களில் அதே தடம் அதே இடத்தில் வந்துவிடும்.

பத்தொன்பது வயதில் காடு திருத்தும் கூட்டத்தில் வேலைக்குச் சேர்ந்தபோது ஆரம்பித்த பழக்கம். அந்தக் கூட்டத்தில் அவள் ஒருத்திதான் பெண். காபி இடைவேளையில் ஆண்கள் எல்லோரும் நெருப்பைச் சுற்றி உட்காருவார்கள். இவள் கொஞ்சம் தள்ளி ஒரு மரக்கட்டையில் உட்காருவாள். வராதே என்று யாரும் சொல்லவில்லை. வா என்றும் சொல்லவில்லை. ஒருநாள் ஒஸியான் என்பவன், அவளைவிட நாலைந்து வயது பெரியவன், தன் டப்பாவின் மூடியைத் திறந்து அவள் பக்கம் நீட்டினான்.

"வேணாம்னா சொல்லிடு."

"நான் எப்ப வேணாம்னேன்?"

எடுத்து வைத்தாள். கொஞ்ச நேரத்தில் தலை கிறுகிறுத்து, ஃபர் மரத்துக்குப் பின்னால் போய்க் குடித்த காபியையெல்லாம் கக்கினாள். வாயைத் துடைத்துக்கொண்டு திரும்பிவந்து, "இன்னொண்ணு குடு" என்றாள். நெருப்பைச் சுற்றியிருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். சிரித்துக்கொண்டே நகர்ந்து அவளுக்கு இடம் விட்டார்கள். அன்று பிடித்த இடத்தை அவள் அப்புறம் விடவே இல்லை. காட்டைவிட்டுப் படகுக்கு வந்தாள், எவர்ட்டைக் கல்யாணம் செய்துகொண்டாள், மகள் பிறந்து வளர்ந்து தெற்கே போனாள். பொடி மட்டும் இருந்த இடத்தில் இருந்தது.

வலது தோள்தான் அதற்கு வேட்டு வைத்தது. படகின் தடுப்புச் சங்கிலியை இழுத்து இழுத்துத் தசைநார் கிழிந்துபோயிருந்தது. கையைக் காதுக்கு மேல் தூக்க முடியவில்லை. தலை சீவ எவர்ட்டைக் கூப்பிட வேண்டியிருந்தது. அவனோ குதிரைக்குப் பிடரி வாருவதுபோல வாரினான். கடைசியில் அறுவை சிகிச்சைக்கு ஒத்துக்கொண்டு நகரத்து மருத்துவமனைக்குப் போனாள். மருத்துவர் சின்னப் பெண். கன்னத்தில் குழி விழ நன்றாகச் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேட்டாள்:

"பொடி வைக்கிறியா?"

"வைக்கிறேன்."

"ரொம்ப நாளாவா?"

"நீ பொறக்கறதுக்கு முன்னாடியே."

"சரி. இன்னியோட நிறுத்திடு. நிக்கோடின் ரத்தக் குழாயைச் சுருக்கும். நான் எவ்வளவு அழகா தெச்சாலும் ஒட்டாது."

"பொடிக்குப் பதிலா சூயிங்கம் விக்கிறாங்களே, அது?"

"அதுலயும் நிக்கோடின்தானே இருக்கு. கூடாது."

"தோல்ல ஒட்டுற பட்டை?"

"கூடாது. அறுக்கறதுக்கு முன்னாடி ரத்தம் எடுத்துப் பாப்போம். இருந்துச்சுன்னா வீட்டுக்கு அனுப்பிடுவேன்."

மைக்கென் அந்தப் பெண்ணின் கன்னக்குழியை முறைத்துப் பார்த்துக்கொண்டே எழுந்தாள்.

துறைக்குத் திரும்பியதும், தன்னோடு மாற்றி மாற்றிப் படகோட்டும் சிக்ஸ்டனைக் கூப்பிட்டுத் தன் டப்பாவைக் கொடுத்தாள். அவன் அவளைவிட இளையவன், நல்ல உயரம், சாது. டப்பாவை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டான்.

"நான் என்ன செய்யட்டும் இதை?"

"தின்னு, பொதைச்சு வை, எனக்குத் தெரியாது. நான் கேட்டா குடுக்காதே."

"அடிச்சா?"

"அடிச்சாலும் குடுக்காதே."

அடிக்கவில்லை. ஆனால் மற்றதெல்லாம் நடந்தது. முதல் வாரம் அவளுக்குத் தூக்கம் போயிற்று, வாய் எந்நேரமும் எதையோ தேடிற்று. உப்பு லைகோரைஸ் மிட்டாயைப் பை பையாகத் தின்றாள். மரத்தில் வழிந்து இறுகிய பிசினைப் பெயர்த்து மென்றாள். நாக்கு தானாக மேலுதட்டுக்குள் போய்க் காலி இடத்தைத் தடவிப் பார்த்துவிட்டு வெறுங்கையோடு வருகிறவன்போலத் திரும்பிவந்தது.

எவர்ட் தபால் நிலையத்தில் வேலைபார்த்து ஓய்வு பெற்றவன். புகையிலையைத் தொட்டதில்லை. அவள் இதை விடவேண்டும் என்று கல்யாணமான நாளிலிருந்து ஆசைப்பட்டவன். இப்போது விட்டுவிட்டாள், ஆனால் சந்தோஷத்தை வெளியில் காட்டப் பயந்துகொண்டு, வீட்டுக்குள் சாக்ஸ் காலோடு ஓசைப்படாமல் நடமாடினான்.

"இன்னிக்கு எப்படி இருக்கு, கெழவி?"

"கேக்காதே."

"சரி."

"அதென்ன சரி? ஒரு வார்த்தை கேட்டுட்டு விட்டுடுவியா? அக்கறை இருந்தா ரெண்டு தடவை கேக்கணும்."

"எப்படி இருக்கு?"

"கேக்காதேன்னு சொன்னேன்ல!"

இரண்டாவது வாரத்தில் வாசனைகள் திரும்பிவந்தன. அது அவள் எதிர்பாராதது. படகின் இஞ்சின் எண்ணெய், ஏரியின் பாசி, நாயின் ஈரக் காது, எவர்ட்டின் கம்பளிச் சட்டை, எல்லாம் ஒன்றன்பின் ஒன்றாக மூக்கில் ஏறின. ஒருநாள் காலையில் காபியை ஒரு வாய் குடித்துவிட்டுக் கோப்பையை வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள்.

"எவர்ட், என்ன இது?"

"காபி."

"பாத்திரம் கழுவின தண்ணி மாதிரி இருக்கு. தூள் தீந்துபோச்சா?"

எவர்ட் அடுப்பைப் பார்த்தபடியே நின்றான். "நம்ம கல்யாணமானதுலேர்ந்து இதே அளவுதான் போடறேன்" என்றான்.

அவன் முகத்தைப் பார்த்ததும் அவளுக்கு என்னமோபோல ஆகிவிட்டது. மிச்சக் காபியை ஒரே மூச்சில் குடித்தாள். "சூடாத்தான் இருக்கு" என்றாள். இத்தனை வருஷமும் தனக்குப் பிடித்தது அவன் காபியா, அதோடு சேர்ந்த பொடியா என்று அன்று முழுக்கப் படகில் யோசித்துக்கொண்டிருந்தாள். விட்டது நல்லதுக்குத்தான். ஆனால் விட்டபிறகு தெரிய வருகிறவற்றில் சிலதைத் தெரியாமலே இருந்திருக்கலாம் என்று பட்டது.

சிக்ஸ்டன் வேலைக்கு வரும்போதெல்லாம், தன் உதட்டுப் பொடி அவள் கண்ணில் படக்கூடாதென்று, பல்வலிக்காரன்போல வாயைக் கையால் மூடிக்கொண்டு வந்தான்.

"கையை எடு. பாத்தா உருகிடுவேனா?"

எடுத்தான். அவள் உற்றுப் பார்த்தாள்.

"கொஞ்சம் பெருசா வச்சிருக்க."

"ஆமா."

"ஓரத்துல வழியுது. தொடை."

துடைத்தான். "மூடியை ஒரு தடவை தொறந்து மூடேன்" என்றாள் அவள். அவன் சுற்றுமுற்றும் பார்த்துவிட்டு, பையிலிருந்து டப்பாவை எடுத்து அவள் மூக்குக்கு நேராக ஒரு தடவை திறந்து மூடினான். அவள் கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்தாள். "போதும், போ."

இப்படி இருக்கையில் ஒஸியான் இறந்துபோனான். காட்டில் அவளுக்கு டப்பாவை நீட்டிய அதே ஒஸியான். விறகு பிளந்துகொண்டிருந்தவன் கோடரியைக் கட்டையில் கொத்தி வைத்துவிட்டுப் பக்கத்திலேயே சாய்ந்துவிட்டான். மனைவி குன்போர்க் சாப்பிடக் கூப்பிடப் போனபோதுதான் தெரிந்தது. அடக்கம் தீவிலிருந்த தேவாலயத்தில், சனிக்கிழமை.

அன்று காலை மைக்கெனுக்குத்தான் படகு. துக்கத்துக்குப் போகிற கூட்டத்தை அக்கரை சேர்த்ததும் சிக்ஸ்டன் அங்கே ஏறிக்கொள்வான், அவள் இறங்கி நேரே தேவாலயத்துக்குப் போவாள் என்று ஏற்பாடு. வேலை அங்கியின் கீழே கறுப்பு உடுப்பு போட்டிருந்தாள். விட்டதிலிருந்து இப்படி ஒரு தவிப்பு வந்ததில்லை. ஒஸியானைப் புதைக்கப் போகிறோம், வாயில் ஒன்றும் இல்லாமல் போகிறோம் என்பது அவனுக்குச் செய்யும் அவமரியாதைபோல இருந்தது. மனிதர்கள் நல்ல காரியம் செய்துகொண்டிருக்கும்போதுதான் கெட்ட வேலையும் செய்வார்கள். அன்று அவள் செய்தாள்.

கார்கள் ஏறி முடிந்து தடுப்பு இறங்குகிற சமயத்தில் சாலையில் ஒரு பச்சைக் கார் பாய்ந்து வந்தது. வந்ததோடு நில்லாமல் விடாமல் ஹாரன் அடித்தது. மறுபடியும் அடித்தது. மைக்கென் படகோட்டும் கூண்டின் கண்ணாடியைத் தள்ளித் திறந்தாள்.

"காது கேக்குது! செவிடுன்னு நெனச்சியா?"

காரிலிருந்தவர் தலையை நீட்டி, "நிறுத்து மைக்கென்! ஒரே நிமிஷம்!" என்றார்.

"ஹாரன் அடிச்சா நிறுத்தறதுக்கு நான் என்ன ஆட்டுக்குட்டியா?"

தடுப்பு இறங்கியது. படகு புறப்பட்டது. ஏரியின் நடுவே வந்தபோது, முன்காரிலிருந்து ஒரு அம்மாள் இறங்கிவந்து கூண்டைத் தட்டினாள். "அது ஃபோல்கே இல்ல? தேவாலயத்துல ஆர்கன் வாசிக்கிறவர்?"

அவரேதான். அவளுக்கும் தெரிந்துதான் இருந்தது. கோபம் அதைப் பின்னுக்குத் தள்ளிவிட்டிருந்தது. அக்கரையில் கார்களை இறக்கிவிட்டு, சிக்ஸ்டனை ஏறச்சொல்லி அவனோடு திரும்பவும் வந்தாள். துறையில் யாரும் இல்லை. ஏரியைச் சுற்றிப் பாலத்தின் வழியாகப் போய்விட்டார் ஃபோல்கே. அது ஒருமணி நேரத்துக்கு மேல் பிடிக்கும் சாலை.

அவள் மறுபடி தீவுக்குத் திரும்பித் தேவாலயத்துக்குள் நுழைந்தபோது சவப்பெட்டி முன்னால் இருந்தது, மேலே காட்டுப் பூக்கள். பாதிரியார் வாசலையும் கைக்கடிகாரத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். ஃபோல்கேவுக்கு என்ன ஆயிற்று என்று எல்லோரும் கிசுகிசுத்தார்கள். மைக்கென் நடுவழியில் நின்றாள்.

"அவரு வரமாட்டாரு. நான்தான் கரையில விட்டுட்டு வந்தேன். ஹாரன் அடிச்சாரு, எனக்குக் கோவம் வந்துடுச்சு."

முன்வரிசையில் உட்கார்ந்திருந்த குன்போர்க் மெல்லத் திரும்பினாள். ஒல்லியான பெண், கூர்மையான மூக்கு. இரண்டு நாள் அழுத கண்.

"அப்ப நீயே ஆரம்பி" என்றாள்.

"எதை?"

"பாட்டை. வாத்தியத்தை நீ கொண்டுவரல. வாயையாவது கொண்டுவந்திருக்கியே."

தப்பிக்க வழியில்லை. மைக்கென் பாட்டுப் புத்தகத்தைத் திறந்து, எடுத்த எடுப்பிலேயே எக்கச்சக்கமான உச்சத்தில் ஆரம்பித்துவிட்டாள். உதட்டுக்கடியில் ஒன்றும் இல்லாததால் ஒவ்வொரு எழுத்தும் கணீரென்று வெளியே வந்தது. அவளுக்கே அது யார் குரலோபோல இருந்தது. மற்றவர்கள் சேர்ந்துகொண்டார்கள், வேறு வழியில்லாமல். இரண்டாவது சரணத்தில் ஆண்கள் பாதிப்பேர் உச்சத்தை எட்டமுடியாமல் வாயை மட்டும் அசைத்தார்கள். கடைசிச் சரணத்தில் ஒஸியானின் தம்பிக்குக் குரல் சேவல்போல உடைந்தது. யாரோ களுக்கென்றார்கள். பார்த்தால் குன்போர்க்தான். தோள் குலுங்கச் சிரித்துக்கொண்டிருந்தாள், கண்ணீர் வழிந்துகொண்டிருந்தது.

அடக்கம் முடிந்து எல்லோரும் பக்கத்துக் கூடத்தில் காபிக்கு உட்கார்ந்தபோது ஃபோல்கே வந்துசேர்ந்தார். கசங்கிய கோட்டும் இசைத்தாள் கட்டுமாக வாசலில் நின்றார். மைக்கென் ஒரு தட்டில் இறால் வைத்த ரொட்டிக் கேக்கை வெட்டி எடுத்துக்கொண்டு நேரே அவரிடம் போனாள்.

"தப்பு என்னோடது. மன்னிச்சிடு."

"முப்பது வருஷத்துல நான் ஒரு அடக்கத்துக்குக்கூட வராம இருந்ததில்ல."

"தெரியும்."

"ஹாரன் அடிச்சது என் தப்பு."

"அது இருக்கட்டும். நீ சாப்பிடு."

அவர் உட்கார்ந்து, கேக்கை முட்கரண்டியால் குத்தினார். பிறகு அவள் மேலுதட்டைப் பார்த்தார். "விட்டுட்டியா?"

"தோளுக்காக. ஆபரேஷன்."

ஃபோல்கே ஒரு வாய் மென்று விழுங்கினார். "நான் சிகரெட் பிடிச்சிட்டிருந்தேன். ஞாபகம் இருக்கா? ஆர்கன் மாடியில ஜன்னலைத் தொறந்து வச்சிட்டு. பிரசங்கம் முடியறதுக்குள்ள ஒண்ணு."

"கீழ உக்காந்திருந்தவங்க எல்லாருக்கும் ஞாபகம் இருக்கு."

"இப்பவும் கனவுல பிடிக்கிறேன். எழுந்ததும் முதல்ல குத்தவுணர்ச்சி வருது, அப்புறம் கனவுதான்னு தெரிஞ்சதும் வருத்தம் வருது. பெண்டாட்டிகிட்ட சொன்னதில்ல. விட்டது நல்லதுன்னு எனக்கும் தெரியும். ஆனா விட்ட அன்னிக்கு எல்லாரும் கை குலுக்கினாங்க பாரு, அதான் தாங்கல. ஒருத்தராவது வந்து, உன் கூட்டாளி போயிட்டானே, என்ன செய்யப்போறேன்னு கேட்டிருக்கலாம்."

மைக்கென் அவரைப் பார்த்தாள். பிறகு, "உன் கூட்டாளி போயிட்டானே ஃபோல்கே, என்ன செய்யற?" என்று கேட்டாள். கேலியாகத்தான் ஆரம்பித்தாள்; பாதியில் அது கேலியாக இல்லாமல் போயிற்று.

"ஆர்கன் வாசிக்கிறேன், வேறென்ன" என்றார் அவர்.

அப்போது குன்போர்க் கைப்பையிலிருந்து ஒரு டப்பாவை எடுத்து மேஜைமேல் வைத்தாள். ஒஸியானுடையது. "அவன் சட்டைப்பையில இருந்துச்சு. பெட்டிக்குள்ள வைக்கலாம்னு நெனச்சேன், மனசு வரல. அவன் கூட்டாளிங்க எடுத்துக்குங்க." பழைய காட்டுக் கூட்டத்தில் மிச்சமிருந்தவர்கள் எழுந்து வந்தார்கள். டப்பா கைமாறியது. ஒவ்வொருவரும் ஒரு சிட்டிகை எடுத்து உருட்டி உதட்டுக்கடியில் வைத்துக்கொண்டு, தலை குனிந்து நின்றார்கள். டப்பா மைக்கெனிடம் வந்தது.

அறை முழுக்க அவளைப் பார்த்தது. எவர்ட் ஒரு ஓரத்தில் காபிக் கோப்பையோடு மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். அவள் விரல்கள் தாமாகவே உள்ளே போயின. ஒரு சிட்டிகை எடுத்தாள். கட்டைவிரலும் நடுவிரலும் பழைய வேலையை மறக்கவில்லை. பொடி அழகாக, இறுக்கமாக, ஒரு சின்ன விதைபோல உருண்டது. அதை உள்ளங்கையில் வைத்துக்கொண்டு நின்றாள். கையில் இருந்தது வாய்க்குப் போகவும் இல்லை, டப்பாவுக்குத் திரும்பவும் இல்லை.

"இங்க குடு" என்றாள் குன்போர்க்.

வாழ்நாளெல்லாம் அந்த நாற்றத்தைத் திட்டிக்கொண்டிருந்தவள் அதை வாங்கி, மேலுதட்டைத் தூக்கி, ஒரு பக்கமாக வைத்துக்கொண்டாள். சற்றுநேரம் ஒன்றும் ஆகவில்லை. பிறகு முகம் சுருங்கியது, மூக்கு சிவந்தது, கண் நிறைந்தது.

"கடவுளே," என்றாள். "இதுக்கா? இந்தக் கண்றாவிக்கா குளுருல தெனம் வெளியில போய் நின்னான்?"

கூடமே அதிரச் சிரித்தார்கள். குன்போர்க் துப்பவில்லை. நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டு, முகம் வெளுக்க வெளுக்க, அதை வாயில் வைத்தபடியே உட்கார்ந்திருந்தாள். மைக்கென் பக்கத்தில் உட்கார்ந்து அவள் முதுகைத் தடவிக்கொண்டிருந்தாள். "மூச்சை நல்லா விடு. தலை சுத்தும், அப்புறம் சரியாயிடும்." "இது எப்ப நல்லா இருக்க ஆரம்பிக்கும்?" என்று குன்போர்க் பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டாள். "ரெண்டாவதுலேர்ந்து" என்றாள் மைக்கென்.

ரத்தப் பரிசோதனையில் ஒன்றும் வரவில்லை. கன்னக்குழி மருத்துவர் தோளைத் தைத்தாள், தையல் பிடித்தது. கோடை முடிவதற்குள் கை மேலே போயிற்று. கடைசிப் பரிசோதனையில், இனி உன் இஷ்டம், ஆனால் தொடாமல் இருந்தால் உனக்கு நல்லது என்றாள் அந்தப் பெண். வழக்கம்போல சிரித்தாள். இந்தத் தடவை மைக்கெனும் சிரித்தாள்.

இனி இஷ்டம் என்ற சொல்தான் அவளைப் படுத்தியது. தடை இருந்தவரை தடையோடு சண்டை போடலாம். செப்டம்பரில் ஒரு மத்தியானம், சிக்ஸ்டனிடம் கையை நீட்டினாள். அவன் கொடுக்காமல் இழுத்தடித்தான். "நீதானே குடுக்காதேன்னே" என்றான். "தோள் சரியாயிடுச்சு, அந்தப் பேச்சு முடிஞ்சுது" என்று வாங்கி வைத்துக்கொண்டாள். சில நிமிடங்களில் தலை சுழன்றது, நெற்றியில் வேர்த்தது, படகின் இரும்புத் தளத்தில் கால் நீட்டி உட்கார்ந்துவிட்டாள். உதட்டுக்குள் எரிந்தது. பழைய சுகம் வரும் வரும் என்று காத்திருந்தாள். வரவில்லை. எடுத்து எறிந்துவிட்டு, கோபமாகவும் அழுகையாகவும், "இது அது இல்ல" என்றாள். சிக்ஸ்டன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தான். ரெண்டாவதிலிருந்து நன்றாக இருக்கும் என்று அவளுக்குத் தெரியும். அந்த ரெண்டாவதை அவள் கேட்கவில்லை. ஏன் கேட்கவில்லை என்று பிற்பாடு எவர்ட் விசாரித்தபோது, "சோம்பல்" என்றாள். அதற்குமேல் அவனும் தோண்டவில்லை. அன்று ராத்திரிச் சாப்பாட்டுக்கு இலவங்கப்பட்டை ரொட்டி சுட்டுவைத்தான், அவ்வளவுதான்.

குளிர்காலம் தொடங்கியதும் ஃபோல்கே அவளைத் தேவாலயப் பாட்டுக் குழுவில் சேர்த்துக்கொண்டார். உச்சத்தில் ஆரம்பித்தாலும் நடுங்காமல் ஆரம்பிக்கிறாளே, அது போதும் என்றார். வியாழக்கிழமைதோறும் ஒத்திகை. நடுவே காபி இடைவேளை. அவளுக்கு இன்னமும் இடைவேளைகளில்தான் கை எங்கே போவதென்று தெரிவதில்லை. மற்றவர்கள் பிஸ்கட்டைச் சுற்றி நிற்க, அவள் கோட்டை மாட்டிக்கொண்டு பக்கவாசல் வழியாக வெளியே போகிறாள். அங்கே குழுவின் கட்டைக்குரல்காரர்கள் இரண்டு மூன்று பேர் பனியில் காலை உதைத்துக்கொண்டு நிற்பார்கள். அவளைக் கண்டதும் ஒருவர் நகர்ந்து இடம் விடுவார். எதுவும் கேட்பதில்லை, எதையும் நீட்டுவதில்லை. ஒருவர் பையிலிருந்து டப்பாவை எடுத்து மூடியை விரலால் தட்டித் திறப்பார்.

"அவசரமில்லாம மூடு" என்பாள் மைக்கென், வாசனையை இழுத்தபடி. அவரும் அப்படியே செய்வார்.